அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான்

கண்ணு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சற்று முன்புகூடப் போனில் உங்கள் தக்காளிக் குழுவில் யாருக்கோ பதில் எழுதியிருந்தாய். வெளியூரில் இருக்கும் மகன் எழுந்துவிட்டானா, சாப்பிட்டானா, தூங்கப் போய்விட்டானா என்பதை இப்போதெல்லாம் நான் அப்படித்தான் தெரிந்துகொள்கிறேன். நீ யாரையாவது திட்டியிருந்தால் விழித்திருக்கிறாய் என்று அர்த்தம்.

இதை உன் போனுக்கு அனுப்பவில்லை. அங்கன்வாடியில் என்னோடு வேலை பார்த்த சிநேகிதியின் மகள் ஒரு சின்னப் பத்திரிகை நடத்துகிறாள், அவளிடம் கொடுக்கிறேன். போனில் அனுப்பினால் பாதி படிக்கும்போதே நீ பதிலைத் தட்ட ஆரம்பித்துவிடுவாய். அச்சில் வந்தால் கடைசி வரி வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டுதான் படித்தாக வேண்டும். கீழே யாரும் சிரிக்கிற மூஞ்சியை ஒட்டிவிட்டுப் போக முடியாது. உன் பெயரையும் என் பெயரையும் எழுதப் போவதில்லை. பக்கத்துத் தோட்டக்காரரை நஞ்சப்பண்ணன் என்றும் அவர் வீட்டுக்காரியை ரத்னம்மா என்றும் பெயர் மாற்றி எழுதுகிறேன். யாரென்று உனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அடுத்த மாதம் நீ வேலைக்கு வெளிநாடு போகிறாய். போனபிறகு நமக்குள் இருக்கப்போவது இந்தப் போன் ஒன்றுதான். அதில் உன்னோடு பேச எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். பலன் இருக்குமா என்று கேட்டால், இருக்காது என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் வாயை வளர்த்தவள் நான்தான். அதை முதலில் ஒத்துக்கொள்கிறேன். நீ ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துப் பட்டிமன்றத்தில் உன்னைச் சேர்த்தார்கள். கிராமமா நகரமா என்று தலைப்பு. உனக்கு நகரம் பிடிக்கும், ஆனால் கிராமத்தின் பக்கம் பேசச் சொல்லிவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தாய். எந்தப் பக்கமாக இருந்தால் என்ன, ஜெயிக்கிற மாதிரி பேசலாம் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். எதிரில் பேசுகிறவன் சொன்னதில் பலவீனமான ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொள், மீதியை விட்டுவிடு என்று சொன்னேன். கைதட்டு வரும் இடத்தில் நிறுத்து, தட்டி முடிக்கிற வரைக்கும் அடுத்த வாக்கியத்துக்குப் போகாதே என்று சொன்னேன். எவர்சில்வர் தட்டு பரிசாக வாங்கிக்கொண்டு வந்தாய். அன்றைக்கு உன் எதிரில் பேசிய பெண் பிள்ளை நல்லம்பள்ளியிலிருந்து வந்திருந்தாள். அவள் சொன்னதில் ஒரு விஷயம் என் மனசைத் தொட்டது, அதைப் பற்றி உன்னோடு பேசலாம் என்று நினைத்தேன். ஆனால் நீ ஜெயித்துவிட்டாய், பிறகு அதைப் பேச என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அவள் சொன்னது என்னவென்று இப்போது எனக்கு ஞாபகமில்லை. நீ எங்கே நிறுத்தினாய், எவ்வளவு நேரம் தட்டினார்கள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

உன் அப்பாவோடு நீ போட்ட சண்டையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது வேறு மாதிரி சண்டை. கல்லூரியில் சேர்ந்த வருடம் சொட்டுநீர்க் குழாய் போடலாம் என்று ஆரம்பித்தாய். அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "எம்மண்ணு குழாயில குடிக்காது, வாய்க்கால்ல வந்தாத்தான் குடிக்கும்" என்றார். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாய். அவர் துண்டை உதறிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். மறுநாள் காலையில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டே, "நேத்து நீ சொன்னியே, மேட்டுப் பாத்திக்குத் தண்ணி ஏறலன்னு, அது வாஸ்தவந்தான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுபடி சாயங்காலம் சண்டை. மறுநாள் நீ போய், எலி குழாயைக் கடிக்கும் என்று அவர் சொன்னது உண்மைதானா என்று யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, "ஆமாப்பா, கடிக்குதாம்" என்றாய். இப்படியே ஒரு வருடம் ஓடியது. கடைசியில் பாதிக் காட்டுக்குக் குழாய், பாதிக்கு வாய்க்கால் என்று முடிந்தது. இரண்டு பேருமே கொஞ்சம் தோற்றிருந்தீர்கள். அந்த வருடம் முழுக்க இந்த வீட்டில் சத்தம்தான். ஆனால் ஒரு நாள்கூட நான் பயப்படவில்லை. பேசி முடித்தபின் ஆளுக்கொரு பக்கம் போய் வேலை பார்ப்பீர்கள். சொன்ன வார்த்தை உள்ளே கிடந்து ஊறும். கோபம் வடிந்தபிறகு அதில் மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு திரும்பி வருவீர்கள். இப்போது எங்கே அதற்கு நேரம்? ஒருத்தர் எழுதி முடிப்பதற்குள் பத்துப் பேர் பதில் எழுதுகிறார்கள். ஊறுவதற்கு முன்பே அரைத்துவிடுகிறீர்கள்.

அந்தக் குழுவை நீயும் உன் நண்பர்களும் ஆரம்பித்தபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குத் தக்காளி கொண்டுவரும் ஜனங்கள், வெளியூரில் வேலைக்குப் போன அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தில். யாரோ இலை சுருண்ட செடியைப் படம் எடுத்துப் போடுவார்கள். பொம்மிடிப் பக்கத்திலிருந்து ஒருத்தர், எனக்கும் இப்படித்தான் ஆச்சு, இன்னது செய்தேன் என்று எழுதுவார். இன்னொருத்தர், அது வேண்டாங்க, இப்படிச் செய்து பாருங்க என்பார். முகம் தெரியாத ஆளுக்கு 'அண்ணா', 'அக்கா' என்று அவ்வளவு மரியாதை. நானும் சேர்ந்தேன். உன் சித்தி மகள்தான் போனில் சேர்த்துவிட்டாள். பெண் பெயரும் படமும் போட்டால் கண்டவனும் மெசேஜ் அனுப்புவான் பெரியம்மா என்று சொல்லி, தக்காளிப் படத்தை வைத்து, 'தக்காளி விவசாயி' என்று பெயர் போட்டுக் கொடுத்தாள். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அம்மா பார்க்கிறாள் என்றால் நீ சங்கோசப்படுவாய் என்று சொல்லவில்லை. நீ எழுதுவதைப் படிப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான், வேறு திட்டம் ஒன்றுமில்லை.

பிறகு விலை விழுந்தது. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாமல் ஜனங்கள் பழத்தைச் செடியிலேயே விட்டார்கள். அப்போதுதான் நீ அந்த அறிவிப்பை எழுதினாய். நாலு நாளைக்கு ஒருத்தரும் மண்டிக்குச் சரக்கு கொண்டுபோகக் கூடாது, மார்க்கெட் காலியாகக் கிடந்தால்தான் வியாபாரி இறங்கி வருவான் என்று. நன்றாக எழுதியிருந்தாய். படித்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சரியா தப்பா என்று முடிவு கட்டிக்கொண்டு கேட்கவில்லை, உன்னிடம் நல்ல பதில் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டேன். நான் எழுதியது இதுதான்: 'பழுத்த பழம் செடியில் நாலு நாள் தாங்குமா? பறிக்க வரும் பெண்களுக்கு அந்த நாட்களில் வேலை இருக்காதே, அவர்களுக்கு என்ன சொல்வது? தெரியாமல்தான் கேட்கிறேன்.'

நீ எழுதிய பதிலை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. குழுவே இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. 'தெரியாமல் கேட்பது போல நடிக்க மண்டிக்காரன் என்ன கொடுத்தான்? முகத்தைக் காட்டத் துணிச்சலில்லாத தக்காளிக்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. கூடையில் ஒண்ணு அழுகினால் மொத்தமும் போயிடும். அழுகினதைப் பொறுக்கிப் போடுங்கள்.'

ஆமாம் கண்ணு. அந்தத் தக்காளி நான்தான்.

உன் பதிலுக்குக் கீழே சிரித்தவர்கள் எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. படிக்கப் படிக்க முடியவே இல்லை. கைக்கூலி என்றார்கள், புரோக்கர் என்றார்கள், பிறப்பைப் பற்றிப் பேசினார்கள். என் கேள்விக்கு ஒருத்தர்கூடப் பதில் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குப் பதில் வேண்டியிருந்தது. நம் காட்டில் அந்த வாரம் பறிப்பு இருந்தது. பறிக்க வரும் பெண்களிடம் நாளைக்கு வரவேண்டாம் என்று நான்தானே போய்ச் சொல்ல வேண்டும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்திருந்தாய். அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே போனை எடுத்து, "அப்பா, இதைக் கேளுங்க, ஒருத்தன எப்படி வாயடைச்சேன்னு" என்று சொல்லி, என் கேள்வியை எனக்கே படித்துக் காட்டினாய். ஒரு மாதிரி இழுத்து, அசடு பேசுகிற மாதிரி குரலை மாற்றிப் படித்தாய். அப்புறம் உன் பதிலை உன் குரலில் படித்தாய். கைதட்டு வரும் இடத்தில் நிறுத்தினாய். உன் அப்பா சிரித்தார். அவருக்கு என்ன தெரியும் பாவம், மகன் சிரிக்கிறான் என்று சிரித்தார். நான் ரசம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன். அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, இப்போது போய் அது நான்தான்டா என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் உன் முகம் எப்படி ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ மாதம் கழித்து அன்றைக்குத்தான் நீ இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். சொல்ல மனசு வரவில்லை. வந்து ரசம் ஊற்றினேன். "அந்த ஆளு நெசமாவே தெரியாம கேட்டிருந்தா?" என்று மட்டும் கேட்டேன். நீ போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "அப்படில்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா. கேக்கற மாதிரி வர்றவனெல்லாம் எவனோ அனுப்பி வர்றவந்தான்" என்றாய்.

நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் பிறகு நடந்தது நடந்திருக்காதோ என்று இன்றுவரைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது. என்னைப் பார்த்து நீ கொஞ்சம் கூசியிருப்பாய். அடுத்து வந்த ஆளிடம் வேறு மாதிரி பேசியிருப்பாய்.

அடுத்து வந்த ஆள் நஞ்சப்பண்ணன். அவர் என்னைப் போல ஒளிந்துகொண்டு வரவில்லை. சொந்தப் பெயர், சொந்தப் படம். மகளை உட்காரவைத்துச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தாராம். தன் செடிக்கு நோய் விழுந்து இலையெல்லாம் கருகிவிட்டது, இருப்பது கடைசிப் பறிப்பு, நாலு நாள் விட்டால் ஒன்றும் மிஞ்சாது, அதனால் சரக்கு கொண்டுபோகத்தான் போகிறேன், ஒளித்துச் செய்ய இஷ்டமில்லாமல் முன்னாடியே சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். 'நான் செய்வது தப்பு என்றால் ஏன் தப்பு என்று எடுத்துச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன்' என்று முடித்திருந்தார். கண்ணு, அந்தக் குழு ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே எழுதப்பட்டதிலேயே நேர்மையான எழுத்து அதுதான். உன்னை விரோதியாக நினைத்து அவர் எழுதவில்லை. உன்னைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். நம்மோடு ஒரே கிணற்றில் தண்ணீர் முறை வைத்துப் பாய்ச்சுகிறவர்.

முதலில் வந்தவன் எவனோ, வீட்டில் கன்னடம் பேசுகிறவனுக்கு எங்கள் விவசாயிகள் மேல் என்ன அக்கறை இருக்கும், பார்டர் தாண்டிப் போகச் சொல்லுங்கள் என்று எழுதினான். நூறு வருடமாக இங்கே மண்ணைக் கிளறுகிற குடும்பத்தைப் பார்த்து. நீ அதைக் கண்டிப்பாய் என்று நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அந்தப் பேச்சைத் தொடவில்லை, அது உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்டிக்கவும் இல்லை. நீ எழுதியது ஒரே வரி. 'இன்னொண்ணும் அழுகிடுச்சு போல.' அவ்வளவுதான். அதற்கு மேல் நீ ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை, மற்றவர்கள் எழுதினார்கள்.

நான் அவருக்கு ஆதரவாக ஒரு வரி எழுதலாம் என்று போனை எடுத்தேன். அழுகின தக்காளி சொன்னால் யார் கேட்பார்கள்? அவருக்கு இன்னும் கெட்ட பெயர்தான் சேரும் என்று வைத்துவிட்டேன். நல்லவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு போனைக் கீழே வைத்துவிடுகிறோம் போல. பிறகு அங்கே மிஞ்சுவது யார்?

போராட்டம் தொடங்கிய அன்று காலையில், சொன்னபடியே அவர் குட்டியானை வண்டியில் தக்காளி கிரேட் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனபோது, மார்க்கெட்டுக்குத் திரும்பும் இடத்தில் பையன்கள் மறித்தார்கள். வண்டியை அவர் ஓட்டவில்லை, பின்னால் சரக்கோடு உட்கார்ந்திருந்தார். அவர் இறங்கி அவர்களோடு பேசத்தான் முயற்சி செய்தாராம். "தம்பிங்களா, நான் முன்னாடியே சொல்லிட்டுத்தானப்பா வரேன்" என்றாராம். "அழுகினதைப் பொறுக்கிப் போடுங்கடா" என்று கத்திக்கொண்டு அவர்கள் கிரேட்டை இழுத்திருக்கிறார்கள். அடுக்கு சரிந்து அவர் மேலேயே விழுந்தது. வலது கை மணிக்கட்டுக்கு மேலே இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தடுக்கப் போன வண்டிக்காரர்தான் இதை எனக்குச் சொன்னார். அந்தப் பையன்கள் கத்திய வாக்கியம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது. 'ஏதோ சினிமா டயலாக் மாதிரி எல்லாரும் ஒரே மாதிரி கத்தினாங்கம்மா' என்றார். நான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

உனக்கு நான்தான் போன் செய்தேன். நீ அதிர்ந்து போனாய், அது பொய் இல்லை, உன் குரலிலேயே தெரிந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒவ்வொன்றாக ஸ்கிரீன்ஷாட் அனுப்ப ஆரம்பித்தாய். நீ எங்கேயும் யாரையும் தடுக்கச் சொல்லவில்லை, அடிக்கச் சொல்லவில்லை, அந்தப் பையன்களில் ஒருத்தனைக்கூட உனக்குத் தெரியாது, அமைதியாகப் போராட வேண்டும் என்று இன்ன இடத்தில் எழுதியிருக்கிறாய் பார் என்று. எல்லாவற்றையும் பார்த்தேன். நீ சொன்னது அத்தனையும் உண்மை. என்னைப் பயமுறுத்துவது அதுதான். நீ பொய் சொல்லியிருந்தால் திட்டலாம், சரியாகிவிடும். நீ ஒரு தப்பும் செய்யவில்லை, அந்த மனிதருக்குக் கை முறிந்திருக்கிறது. "எந்தக் கைன்னு கேட்டியா தம்பி?" என்றேன். "இப்ப அதுவா முக்கியம்?" என்றாய்.

நான் உன்னைவிட ஒசத்தி என்று நினைத்து இதை எழுதவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து, வண்டியை மறித்த பையன்களில் ஒருத்தன் குழுவில் வந்து, காயம்பட்டதெல்லாம் நடிப்பு என்று எழுதினான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தத் தக்காளிப் படத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, 'உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, உன்னை இப்படிப் பெத்து வளர்த்தவளைச் சொல்லணும்' என்று எழுதினேன். எழுதிய கொஞ்ச நேரத்திலேயே லைக் வர ஆரம்பித்தது. சரியான அடி என்றார்கள், நச்சென்று கேட்டீங்க என்றார்கள். என்னை அழுகினது என்றவர்களே பாராட்டினார்கள். இனித்தது கண்ணு. பொய் சொல்லக் கூடாது, இனித்தது. மாடு கத்துகிறது, எழுந்து போகத் தோன்றாமல் இன்னும் யார் யார் பாராட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பையனைப் பெற்றவளும் எங்கோ ஒரு வீட்டில் என்னைப் போலப் போனை வைத்துக்கொண்டு மகன் எழுதுவதைப் படித்துக்கொண்டிருப்பாளோ? அழித்தேன். ஆனால் அதற்குள் அது எங்கெல்லாம் போய்விட்டதோ. அன்றைக்குத்தான் உன்னை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. புரிந்தபிறகு பயம்தான் அதிகமானது. அறுபது வயதில், ஒரு காலை வேளையில், எனக்கே அப்படி இருந்தது என்றால், அந்த ருசியை வருஷக் கணக்காகத் தின்கிற பிள்ளையை நான் எப்படி வெளியே கூப்பிடுவேன்?

முயற்சி செய்யாமல் இல்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். "போன்ல பேசறதப் போன்லயே விடு" என்றார். அவருக்கு அது வேறு உலகம். கை முறிந்தது இந்த உலகத்தில்தானே என்று கேட்டேன், துண்டை உதறிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். ரத்னம்மாவைப் பார்க்கப் போனேன். வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அழவில்லை, திட்டவில்லை. "பிடு அக்கா" என்றாள். விடு என்பதை அவர்கள் வீட்டுப் பேச்சில் அப்படித்தான் சொல்வார்கள். பண்டிகையானால் ஒரு பாத்திரத்தில் பலகாரம் கொண்டுவருபவள், அன்றைக்கு என் கையில் இருந்த பாத்திரத்தை வாங்கிக்கொள்ளவில்லை. கிணற்றில் இப்போதும் முறை வைத்துத்தான் தண்ணீர் பாய்கிறது. அவர்கள் முறை முடிந்தால் வால்வைத் திருப்பிவிட்டு, ஒரு குரல் கொடுக்காமல் போய்விடுகிறார்கள். உன்னிடம் ஒரு தடவை சொன்னேன், குழுவில் இதைப் பற்றிக் கொஞ்சம் எழுதப்பா என்று. 'இப்ப எழுதினா எதிர்த்தரப்புக்கு வசதியா போயிடும்' என்றாய். எதிர்த்தரப்பு என்றால் யார் கண்ணு? அதே தக்காளிதானே அவர்களும் போடுகிறார்கள்? அந்த நாலு நாள் போராட்டமும் ஒன்றும் ஆகவில்லை. பாதிப்பேர் போனார்கள், பாதிப்பேர் போகவில்லை, போனவர்கள் போகாதவர்கள் முகத்தில் விழிப்பதில்லை. குழுவில் இப்போது இலை சுருளுகிற படத்தை யாரும் போடுவதில்லை. போட்டால், நீ எந்தப் பக்கம் என்று முதலில் கேட்கிறார்கள்.

போன வாரம் நஞ்சப்பண்ணனே என்னைக் கூப்பிட்டார். கிணற்றுமேட்டில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்னம்மா இல்லாத நேரம். நான் போய் நின்றதும் என்ன சொல்வது என்று தெரியாமல், வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதை விட்டுவிட்டு உன்னைப் பற்றிக் கேட்டார். எப்போது வெளிநாடு போகிறாய், எத்தனை வருடம் என்று. சொன்னேன். பிறகு அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன்.

"தம்பிகிட்ட எனக்கு இன்னும் பேச்சு முடியலம்மா. போறதுக்குள்ள ஒருக்கா வூட்டுக்கு வரச்சொல்லுங்க. மன்னிப்பெல்லாம் வேணாம். அவன் மொதல்ல எழுதுனதுல ஒரு விசயம் சரின்னு எனக்கு இப்பவும் தோணுது. படுத்துக்கிட்டே யோசிச்சேன். அது எதுன்னு அவன்கிட்டத்தான் சொல்லுவேன். எனக்கும் கேக்கறதுக்கு ஒண்ணு இருக்குது."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கை முறிந்து படுத்திருந்த நாளெல்லாம் அந்த மனிதர் உன் வாதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். உன் எழுத்துக்கு லைக் போட்ட அத்தனை பேரில் யாராவது ஒருத்தர் உன்னை அவ்வளவு தூரம் மதித்திருப்பார்களா? ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். நீ கேட்டாய். கேட்டுவிட்டுச் சிரித்தாய்.

"பாத்தியாம்மா, அவரே ஒத்துக்கிட்டாரு" என்றாய்.

நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். அப்போதிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அடித்து அடித்து எழுதுகிறேன். கண்ணு, அவர் ஒத்துக்கொள்ளவில்லை, உன்னைக் கூப்பிட்டிருக்கிறார். இது இரண்டும் உனக்கு ஒன்றாகத் தெரிகிறது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. உன்னிடம் இனி யார் வந்து 'நீ சொன்னது சரிதான்' என்று சொல்வார்கள்? சொன்னவர் தோற்றுப்போனதாக நீ ஊருக்கெல்லாம் காட்டுவாய் என்றால், யாருக்கு அந்தத் தைரியம் வரும்? உன்னிடம் ஒத்துப்போகிறவர்கள் மட்டும் உன்னைச் சுற்றி இருப்பார்கள். உனக்குத் தெரியாத ஒன்றை உனக்குச் சொல்ல ஒருத்தர்கூட இருக்க மாட்டார்கள். நான்கூட இருக்க மாட்டேன், பயந்துகொண்டு ரசம் ஊற்றிக்கொண்டிருப்பேன். அது பெரிய தனிமை கண்ணு. எந்த நாட்டுக்குப் போனாலும் அது உன்கூடவே வரும்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தாலும் ரத்னம்மா உன்னை உள்ளே விடுவாள் என்று நிச்சயம் இல்லை. அவர் கேட்கப்போகும் கேள்விக்கு உன்னிடம் பதில் இல்லாமலும் போகலாம். இருந்தாலும் போ. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போ. நான் உன்கூட வரமாட்டேன், உன் அப்பாவையும் அனுப்ப மாட்டேன். யார் வந்து எட்டிப் பார்த்தாலும் போகச் சொல்லிவிட்டு அவருக்கு எதிரில் உட்கார். மூன்றாவதாக ஒரு ஆள் அங்கே இருந்தால், நீ அந்த ஆளிடம்தான் பேசுவாய்.

உன் அம்மா